கம்ப்யூட்டர் பொய் சொல்லாதாம்

மக்களே, ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. ஆணி அதிகம். இன்னைக்கும் ஆணிதான், ஆனா இதை எழுதாம விட்டா தூக்கம் வராது போல இருக்கு. கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும். பொட்டி தட்டாதவங்க நடுவுல ரெண்டு மூணு பாராவைத் தாண்டிப் போயிடலாம், கதை புரியும். பொட்டி தட்டுறவங்க மட்டும் தாண்டக் கூடாது. உங்களைத் திட்டத்தான் இந்தப் பதிவே. என்னையும் சேர்த்துத்தான்.

விஷயம் ரிவர்ஸ் பிராக்ஸி. ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதி முடிச்சதும் அதை நேரா உலகத்துக்குத் திறந்து விடாம, முன்னாடி ஒரு என்ஜின்எக்ஸோ அப்பாச்சியோ ஹெச்ஏபிராக்ஸியோ நிறுத்தி வைப்போமே, அது. வர்ற எல்லாரையும் அது வாங்கிக்கிட்டு, உள்ள இருக்குற அப்ளிகேஷன்கிட்ட கொண்டு போய்க் கொடுத்து, பதிலைத் திரும்ப வெளிய கொடுக்கும். நல்ல ஏற்பாடு. ஹெச்டிடிபிஎஸ் வேலையை அது பார்த்துக்கும், படம், ஸ்டைல்ஷீட் எல்லாம் அதுவே கொடுத்துடும், மெதுவான கனெக்‌ஷன்ல இருந்து சொட்டு சொட்டா வர்ற ரிக்வெஸ்டை முழுசாச் சேர்த்து வச்சு உள்ள அனுப்பும். 2004-ல இகோர் சிசோயெவ் என்ஜின்எக்ஸை வெளியிட்டதிலிருந்து இன்னைக்கு வரைக்கும் இதுக்குத் தேவை குறையவே இல்ல. நான் பிராக்ஸிக்கு எதிரி கிடையாது. அதை நாம வைக்கிற லட்சணத்துக்குத்தான் எதிரி.

எப்படி வைக்கிறோம்? கூகுள்ல தேடி முதல்ல வர்ற பத்து வரியை காப்பி அடிச்சு. இப்ப கூகுள் கூட வேணாம், ஏஐ கிட்ட கேட்டா அதே பத்து வரியை அதுவே அழகா எழுதிக் கொடுக்குது. 'ரீலோட்' அடிச்சா சைட் வருதா? வருது. முடிஞ்சது ஜோலி. அந்தப் பத்து வரியில ஒவ்வொன்னும் என்ன பண்ணுதுன்னு கேட்டா, பத்து வருஷ அனுபவம்னு ரெஸ்யூம்ல போட்டிருக்கறவர் கூட விட்டத்தைப் பார்ப்பார். நானும் அப்படித்தான் பார்த்திருக்கேன். நான் அரியர் வச்சு கிளியர் பண்ண கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பேப்பர்ல ஓஎஸ்ஐ ஏழு லேயரும் மனப்பாடம், இது ஒன்னு மட்டும் வரல.

சரி, கதைக்கு வர்றேன்.

கொங்குப் பக்கம் ஒரு ஊர். ஒரு வியாபாரம். என்ன வியாபாரம், எந்த ஊர்னு சொல்லப் போறதில்ல. ரெண்டு கிளை. பில் போடுற அப்ளிகேஷன் நாங்க எழுதினது. நாங்கன்னா பெரும்பாலும் நான். நோட் ஜேஎஸ், எக்ஸ்பிரஸ். வாடகை சர்வர்ல ஓடுது, அதே சர்வர்ல முன்னாடி ஒரு என்ஜின்எக்ஸ். கிளையில நெட் மெதுவா இருக்கும்னு, ஒவ்வொரு கிளையிலயும் ஒரு குட்டிப் பொட்டி வச்சு அதுலயும் ஒரு என்ஜின்எக்ஸ். கவுண்ட்டர்ல இருக்குறவங்க அந்தக் குட்டிப் பொட்டிகிட்ட பேசுவாங்க, அது விபிஎன் வழியா சர்வர்கிட்ட பேசும். ஆக, ஒரு பில்லு என் அப்ளிகேஷனுக்கு வர்றதுக்குள்ள ரெண்டு பிராக்ஸி தாண்டி வரணும்.

கொடுத்த புதுசுல ஒரு காலை, கிளை ரெண்டும் மொத்தமா லாக்-அவுட். ஒருத்தர் அஞ்சு தடவை பாஸ்வேர்டைத் தப்பா அடிச்சிருக்கார். அஞ்சு தடவை தப்பா அடிச்சா அந்த ஐபி அட்ரஸைப் பதினஞ்சு நிமிஷம் தடுக்கணும்னு நான் வச்சிருந்தேன். ஆனா என் அப்ளிகேஷனுக்குத் தெரிஞ்ச ஒரே ஐபி 127.0.0.1. அதே மெஷின்ல பக்கத்துல உட்கார்ந்திருக்குற என்ஜின்எக்ஸ்தான் அது! வர்றவங்க எல்லாரும் என்ஜின்எக்ஸ் மூஞ்சியோடதான் வர்றாங்க. ஒருத்தரைத் தடுத்தா எல்லாரையும் தடுத்த மாதிரி.

கஸ்டமர் க்யூல நிக்கிறாங்க. எங்க டேமேஜர் போன்ல நிக்கிறார். நான் தேடினேன். கிடைச்சுது. என்ஜின்எக்ஸ்ல 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' ஹெட்டரை அனுப்பச் சொல்லணும், எக்ஸ்பிரஸ்ல 'டிரஸ்ட் பிராக்ஸி'யை 'ட்ரூ'ன்னு வைக்கணும். ஒரே வரி. போட்டேன். எல்லாருக்கும் தனித்தனி ஐபி வந்துச்சு. டேமேஜர் "சூப்பர்"னு மெசேஜ் போட்டார். அந்த வருஷம் அப்ரைசல்ல கூட அதைச் சொன்னேன்னு நினைக்கிறேன்.

அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம்னு இப்பச் சொல்றேன். எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்ங்கறது ஸ்குவிட் பிராக்ஸி எழுதினவங்க ஆரம்பிச்சு வச்ச பழக்கம். வழியில இருக்குற ஒவ்வொரு பிராக்ஸியும் "எனக்கு இன்னார்கிட்ட இருந்து வந்துச்சு"ன்னு ஒரு சீட்டுல எழுதிக்கிட்டே போகும். அடுக்குமாடி வாட்ச்மேன் நோட்டுன்னு வச்சுக்கங்களேன். என்ன ஒரு வித்தியாசம், இந்த நோட்டை வர்றவரே கையில கொண்டு வரலாம். ஏற்கனவே ரெண்டு வரி எழுதிக் கொண்டு வரலாம். நாம வழக்கமா காப்பி அடிக்கிற என்ஜின்எக்ஸ் வரி, இருக்குறதை அழிக்காது. அதுக்குக் கீழ தன்னோட வரியைச் சேர்த்துட்டு உள்ள அனுப்பும். ஆக, நம்ம வாட்ச்மேன் எழுதினது கடைசி வரி மட்டும்தான். அதுக்கு மேல இருக்குறதெல்லாம் கேள்விப்பட்ட பேச்சு.

'ட்ரூ'ன்னு போட்டா எக்ஸ்பிரஸ் எதை எடுக்கும் தெரியுமா? முதல் வரியை. இருக்குறதுலயே நம்பக் கூடாத வரியை. இது அவங்க டாகுமெண்டேஷன்லயே தெளிவா எழுதியிருக்கு. ஒழுங்கா வைக்க வழியும் அங்கயே இருக்கு: நடுவுல எத்தனை பிராக்ஸின்னு எண்ணிக்கை கொடு, இல்லன்னா நம்ப வேண்டிய அட்ரஸ்களைப் பட்டியல் போடு. யார் படிச்சா?

இது புதுசாக் கண்டுபிடிச்ச பிரச்சனையும் இல்ல. ஜாங்கோல இதே வேலையைப் பார்க்குற ஒரு மிடில்வேர் இருந்துச்சு. அதைப் பொதுவா எல்லாருக்கும் பாதுகாப்பாக் கொடுக்க முடியாதுன்னு 1.1 வெர்ஷன்லயே, 2009-ல, தூக்கிட்டாங்க. 2014-ல ஆர்எஃப்சி 7239 வந்து இந்தச் சீட்டுக்கு 'ஃபார்வர்டட்'னு ஒரு முறையான வடிவம் கொடுத்துச்சு. அதுலயே, இதை நம்பி இருக்க முடியாது, வழியில இருக்குற எந்த மெஷினும், அனுப்புறவரும் கூட, வேணும்னோ தெரியாமலோ மாத்தியிருக்கலாம்னு எழுதி வச்சிருக்காங்க. 'தெரியாமலோ'வை ஞாபகம் வச்சுக்கங்க, அதுதான் நம்ம கதை.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 7.40-லிருந்து 8.05-க்குள்ள பதினோரு பில்லு ரத்து ஆகியிருக்கு. காசு வாங்கின பில்லு. மொத்தம் முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். அடுத்த வாரம் வியாழக்கிழமை கணக்கு பார்க்குறப்போ கண்டுபிடிச்சாங்க. ரத்து பண்ணின யூசர் 'சூப்பர்வைசர்'. அந்த பாஸ்வேர்டு கடையில அத்தனை பேருக்கும் தெரியும், மானிட்டர்லயே ஒட்டி வச்சிருந்தாங்க. அதனால அடுத்த காலத்தைப் பார்த்தாங்க. ஐபி அட்ரஸ், 192.168.1.23. முதல் கிளையில மூணாம் கவுண்ட்டர்.

மூணாம் கவுண்ட்டர்ல ஒரு அக்கா. காண்ட்ராக்ட் ஆள். வயசு முப்பத்தஞ்சு இருக்கும், ரெண்டு பசங்க. நான் டிரெய்னிங் கொடுக்கப் போனப்போ, "தம்பி, நான் கேக்குறதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாதுங்க"ன்னு சொல்லிட்டு, ஒவ்வொரு கீயையும் நோட்டுல எழுதி வச்சுக்கிட்டாங்க. "நான் அன்னைக்கு ஏழு மணி பஸ்ஸுக்குப் போயிட்டனுங்க"ன்னு சொல்லியிருக்காங்க. வருகை நோட்டுல 6.50-னு கையெழுத்தும் இருக்கு. அதுக்கு அங்க இருந்த மேனேஜர் சொன்ன பதில்தான் என்னை இந்தப் பதிவை எழுத வச்சுது:

"நோட்டுல யாரு வேணா எழுதலாம்மா. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

சனிக்கிழமை சாயங்காலம், திங்கள்ல இருந்து வர வேண்டாம்னு சொல்லியாச்சு.

எனக்கு இதெல்லாம் தெரியாது. ஞாயித்துக்கிழமை ராத்திரி மேனேஜர் போன். "ஐபி ப்ரூஃப் ஒன்னு லெட்டர்பேட்ல அடிச்சு, கையெழுத்துப் போட்டு மெயில்ல அனுப்புங்க தம்பி. போலீசுக்குப் போகலாமான்னு முதலாளி யோசிக்கிறார்." நானும் சரிங்கன்னு சொல்லிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். டெம்ப்ளேட் எல்லாம் எடுத்துட்டேன் மக்களே, அதைச் சொல்லாம மறைச்சா இந்தப் பதிவுக்கே அர்த்தமில்ல. 'இதன் மூலம் உறுதி அளிக்கிறோம்'னு பாதி வரி அடிச்சாச்சு. என் பேர்ல கையெழுத்துன்னதும் ஒரு பயம். எதுக்கும் என்ஜின்எக்ஸ் லாகையும் ஒரு தடவை பார்ப்போம்னு சர்வர்ல நுழைஞ்சேன்.

சர்வர்ல இருந்த என்ஜின்எக்ஸ் லாக் ஃபார்மேட்டை நான் தொடவே இல்ல, டீஃபால்ட்தான். அது எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் சீட்டைக் கண்டுக்காது. தன் கண்ணு முன்னாடி நேரா வந்து நின்னது யாரோ அவரை மட்டும் முதல்ல எழுதும். அந்தச் செவ்வாய்க்கிழமை 7.40-லிருந்து 8.05 வரைக்கும் பில் ரத்து ரிக்வெஸ்ட் பதினொன்னு. பதினொன்னுக்கும் முதல் காலம் 10.8.0.6.

அது ரெண்டாவது கிளையோட குட்டிப் பொட்டி.

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் உறைச்சுது. ரெண்டு கிளையிலயும் ரவுட்டர் ஒரே மாதிரி, ரெண்டும் 192.168.1-ல தான் நம்பர் கொடுக்குது. முதல் கிளையிலயும் ஒரு 23 உண்டு, ரெண்டாவது கிளையிலயும் ஒரு 23 உண்டு. சர்வர்ல இருந்து அப்ளிகேஷனுக்கு வந்த சீட்டு '192.168.1.23, 10.8.0.6'ன்னு ரெண்டு பேரோடயும் வந்திருக்கு. எந்தக் கிளைன்னு சொல்ற ரெண்டாவது பேரைத் தூக்கிப் போட்டுட்டு, ரெண்டு ஊர்லயும் இருக்குற முதல் பேரை மட்டும் என் கோடு டேட்டாபேஸ்ல எழுதி வச்சிருக்கு. 'ட்ரூ'. ஒரே வரி. சூப்பர்.

ஹேக்கர் கிடையாது. ஹெட்டரை ஏமாத்தி அனுப்பினவன் கிடையாது. "இன்டர்னல் அப்ளிகேஷன் தானே, யார் ஸ்பூஃப் பண்ணப் போறாங்க"ன்னு சொல்றீங்களே, யாருமே பண்ணலைய்யா! எல்லா மெஷினும் தான் பார்த்ததை ஒழுங்காத்தான் எழுதியிருக்கு. அதைப் படிக்கத் தெரியாதவன் நான் ஒருத்தன்தான்.

இன்னொன்னு. உபுண்டுல என்ஜின்எக்ஸ் போட்டா, லாகைத் தினமும் சுழற்றி பதினாலு நாள்தான் வச்சிருக்கும், அப்புறம் அழிச்சிடும். நான் பார்த்தது பன்னண்டாவது நாள். சம்பளத் தேதி வேற பக்கம் விழுந்திருந்தா, கணக்குப் பார்த்தவர் ரெண்டு நாள் லீவு போட்டிருந்தா... வேணாம், யோசிக்கவே பிடிக்கல. லாகை 180 நாள் வச்சிருக்கணும்னு செர்ட்-இன் 2022 ஏப்ரல்லயே உத்தரவு போட்டிருக்கு. நம்மள்ல எத்தனை பேர் அந்த பதினாலை மாத்தியிருக்கோம்? கையைத் தூக்குங்க பார்க்கலாம்.

இதைவிடப் பயம் ஒன்னு இருக்கு. என்ஜின்எக்ஸ்ல 'ரியல் ஐபி'ன்னு ஒரு மாட்யூல். எந்த அட்ரஸ்ல இருந்து வர்ற சீட்டை நம்பலாம்னு அதுக்குச் சொல்லணும். பல கான்ஃபிக்ல 0.0.0.0/0-ன்னு போட்டு வச்சிருக்காங்க, அதாவது உலகத்துல யார் சொன்னாலும் நம்பு. நான் அன்னைக்குத் தேடினப்போ அந்த விடை முதல்ல வந்திருந்தா அதைத்தான் போட்டிருப்பேன். போட்டிருந்தா என்ஜின்எக்ஸ் லாகோட முதல் காலத்திலயும் 10.8.0.6 இருந்திருக்காது, சீட்டுல இருக்குற நம்பர்தான் உட்கார்ந்திருக்கும். இருந்த ஒரே கண்ணும் போயிருக்கும். அந்த அக்காவைக் காப்பாத்தினது என் திறமை இல்ல, நான் கை வைக்காம விட்ட டீஃபால்ட்.

திங்கக்கிழமை காலையில மேனேஜருக்குப் போன் பண்ணி விளக்கினேன். அரை மணி நேரம். வாட்ச்மேன் நோட்டு உதாரணம் எல்லாம் சொன்னேன். கடைசியில அவர் கேட்ட கேள்வி: "அப்ப ரெண்டாவது கிளையில 23 யாரு?"

பாருங்க... ஒரு ஆளை விடுவிச்சதும் உடனே அந்த இடத்துக்கு இன்னொரு ஆள் வேணும். அந்த ரவுட்டர் வர்ற மெஷினுக்கெல்லாம் நம்பரை மாத்தி மாத்திக் கொடுக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை 23 எந்த மெஷின்கிட்ட இருந்துச்சுன்னு அதுல பதிவே இல்ல. மெஷின் தெரிஞ்சாலும், முன்னாடி யார் உட்கார்ந்திருந்தாங்கன்னு நம்பர் சொல்லாது. "தெரியாதுங்க"ன்னேன். "தோராயமா?"ன்னார். "தோராயமாவும் தெரியாதுங்க"ன்னேன். அவருக்குக் கோபம். எங்க டேமேஜருக்கும் போன் போயிருக்கு. "கிளையன்ட் கேட்டா ஏதாவது ரிப்போர்ட் கொடுக்க வேண்டியது தானே, நாம டெக்னிக்கல் டீம், தெரியாதுன்னு சொல்லலாமா?"ன்னு இவர். சொல்லலாம் சார். சொல்லணும்.

வெளியுலக ஐபியா இருந்தாலும் கதை பெருசா மாறாது. மொபைல் கம்பெனிகள் ஒரே பொது ஐபிக்குப் பின்னாடி ஏகப்பட்ட பேரை உட்கார வைக்கும், இதுக்குன்னே 2012-ல ஆர்எஃப்சி 6598 வழியா 100.64-ல ஆரம்பிக்குற ஒரு தொகுதியையே ஒதுக்கினாங்க. ஐபி ஒரு கதவு நம்பர். உள்ள பத்துப் பேர் இருக்கலாம், பத்தாயிரம் பேரும் இருக்கலாம்.

"அவ்வளவு நோண்ட எங்க நேரம், ஸ்பிரிண்ட் முடியணும்"னு சொல்ற நண்பர்களுக்கு: நான் சரி பண்ண எடுத்தது ஒரு மதியம். கிளைப் பொட்டிகள்ல சீட்டோட கீழ சேர்க்காம, பழசை அழிச்சுட்டு தான் பார்த்ததை மட்டும் எழுதச் சொன்னேன். எக்ஸ்பிரஸ்ல 'ட்ரூ'வைத் தூக்கிட்டு 127.0.0.1-ஐயும் விபிஎன் தொகுதியையும் மட்டும் நம்பச் சொன்னேன். டேட்டாபேஸ்ல ஒரு ஐபிக்குப் பதிலா முழுச் சீட்டையும் அப்படியே எழுதறேன். கிளைகளுக்கு வேற வேற நம்பர் தொகுதி. லாக் 180 நாள். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஆளுக்கு ஒன்னு, இதுக்குத்தான் கடையில பெரிய எதிர்ப்பு.

இன்னொன்னையும் அன்னைக்குத்தான் பார்த்தேன். அப்ளிகேஷனை டாக்கர்ல ஓட்டி 3000 போர்ட்டை வெளிய திறந்து வச்சிருந்தேன். யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால்ல மூடியிருக்கேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். டாக்கர் திறந்து விடுற போர்ட் யுஎஃப்டபிள்யூவைக் கேட்காது, அது பாட்டுக்கு ஐபிடேபிள்ஸ்ல தனியா விதி எழுதிக்கும். ஆக, யார் வேணா என்ஜின்எக்ஸைத் தாண்டி நேரா வந்து, விரும்பின சீட்டை நீட்டியிருக்கலாம். இப்ப 127.0.0.1-ல மட்டும் கேக்குது. உங்க சர்வரையும் வெளிய இருந்து ஒரு தடவை தட்டிப் பாருங்க, உள்ள இருந்து பார்த்தா தெரியாது.

அந்த எக்ஸ்பிரஸ் ரேட் லிமிட் லைப்ரரியே இப்பல்லாம் 'ட்ரூ'ன்னு வச்சா எச்சரிக்கை கொடுக்குது. அதுக்கும் நம்மாளுங்க வழி கண்டுபிடிச்சுட்டாங்க, எச்சரிக்கையை அணைக்கிறது எப்படின்னு தேடறாங்க. என்னத்த சொல்ல.

மன்னிப்பு கடிதம் ஒன்னு எழுதினேன், எங்க கோடுல தப்புன்னு. கம்பெனி பேர்ல அனுப்ப விடல, "லயபிலிட்டி வரும்"னாங்க. என் பேர்ல அனுப்பிட்டேன். என்ன ஆகும்னு பார்ப்போம். அப்ரைசல் வருது.

அக்காவை வெள்ளிக்கிழமைதான் திரும்பக் கூப்பிட்டாங்க. அந்த நாலு நாள் சம்பளம் பிடிச்சுக்கிட்டாங்களாம், அதுக்கு இன்னும் பேசிட்டிருக்கேன். போன மாசம் கடைக்குப் போனப்போ, மூணாம் கவுண்ட்டர்லயே உட்கார்ந்திருந்தாங்க. டீ வாங்கிக் கொடுத்துட்டு மெதுவாக் கேட்டாங்க.

"தம்பி, அந்த இருபத்தி மூணு என்னோட நம்பர் தானுங்களே?"

"ஆமாங்க்கா."

"அப்புறம் எப்படிங்க நானில்லன்னு கண்டுபிடிச்சீங்க?"

நோட்டை வாங்கி, ரெண்டு கடை, ரெண்டு பொட்டி, நடுவுல ஒரு கோடுன்னு படம் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் அந்தப் பக்கத்தைக் கிழிச்சு மடிச்சு பர்ஸுக்குள்ள வச்சுக்கிட்டாங்க.